நிறுத்தியும் சாகாத ஜெயில்! கண்டெய்னர் மூடும்போது நெட்வொர்க்குக்கு என்ன ஆகுது?

[திரையில்: கறுப்பு டெர்மினல், மினுக்குற கர்சர்]

இது ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஜெயில், அதாவது புரோகிராம்களைத் தனியா அடைச்சு ஓட்டுற கண்டெய்னர். நிறுத்தியாச்சு. உள்ளே ஒரு புராசஸ் கூட ஓடலை. ஆனா 'ஜேஎல்எஸ்' கமாண்டுல '-டி' சேர்த்துப் பாருங்க, இன்னும் பட்டியல்ல உக்காந்திருக்கு. நிலைமை என்னன்னா 'டையிங்'. செத்துக்கிட்டே இருக்கு, ஆனா சாகலை!

வணக்கம் மக்களே, வேலூர்ல இருந்து. ஜெயில்னு தலைப்பைப் பார்த்து தொரப்பாடி மத்திய சிறைக் கதைன்னு வந்தவங்க மன்னிக்கணும். வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. இங்கயும் சாவு உண்டு, சொத்துத் தகராறும் உண்டு.

வரலாறு வேகமா. ஃப்ரீபிஎஸ்டில ஜெயில் வந்தது 2000-ல, 4.0 பதிப்புல. ஒரே கர்னல் (சிஸ்டத்தோட மையம்), அதுக்குள்ள தனித்தனிக் குடித்தனம். அப்புறம் வீநெட் வந்து ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனி ரூட்டிங் டேபிள் (எந்த டேட்டா எந்த வழியில போகணும்னு சொல்ற பட்டியல்), தனி லூப்பேக் (தனக்குத்தானே பேசிக்கிற இன்டர்ஃபேஸ்)னு முழு நெட்வொர்க் ஸ்டாக்கையே கொடுத்தது. 2018-ல 12.0 வந்தப்போ அது வழக்கமான கர்னல்லயே சேர்ந்துடுச்சு. லினக்ஸ்ல இதுக்குப் பேரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். டாக்கர் எல்லாம் அது மேலதான் நிக்குது. போதும்.

இப்ப நம்ம ஊர் விஷயம். காட்பாடியில ஒரு தெருவை அடைச்சு கல்யாணத்துக்கு ஷாமியானா போட்டிருக்காங்க. முதல்ல கம்பம் நட்டாங்க, அது மேல துணி, துணியில சீரியல் லைட்டு. கல்யாணம் முடிஞ்சுது. பிரிக்க வந்த பசங்க அவசரத்துல முதல்ல கம்பத்தை உருவினா? துணியும் லைட்டும் பந்தியில உக்காந்திருக்கிற பெரியப்பா தலையில!

சிரிக்காதீங்க. ஃப்ரீபிஎஸ்டி ரொம்ப நாள் இதைத்தான் செஞ்சுது. ஜெயிலை மூடும்போது முதல்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸை, அதாவது டேட்டா போய் வர்ற வாசலை, பிடுங்கிடும். மேல இருக்கிற டிசிபி, ஐபி, ஃபயர்வால் எல்லாம் அந்த இன்டர்ஃபேஸ் இன்னும் இருக்குன்னு நம்பிக்கிட்டு அதோட மெமரி முகவரியைக் கையில வச்சிருக்கும். இல்லாத இடத்தைத் தொட்டா கர்னல் பேனிக். ஒரு ஜெயிலை மூடப் போய் மொத்த மெஷினும் படுத்துடும். 2016-ல ஃப்ரீபிஎஸ்டி டெவலப்பர் பியோர்ன் ஸீப் இதை மாத்தி எழுதினார்: மேல இருந்து கீழ. முதல்ல இணைப்புகள், அப்புறம் புரோட்டோகால், கடைசியிலதான் இன்டர்ஃபேஸ். லைட்டு, துணி, கம்பம்! லினக்ஸும் நேம்ஸ்பேஸை அமைச்ச வரிசைக்கு நேர் தலைகீழாத்தான் கலைக்குது.

அடுத்து, எது யாரோடது? எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். நாற்காலி வாடகைக் கடையோடது, திரும்பிப் போகணும். வாசல்ல கட்டின வாழைமரம் குப்பைக்கு. லினக்ஸ்ல நிஜமான நெட்வொர்க் கார்டை கண்டெய்னருக்குள்ள விட்டிருந்தா, கண்டெய்னர் செத்ததும் அது ஹோஸ்ட்டுக்கு, அதாவது கண்டெய்னரைத் தாங்குற மெயின் சிஸ்டத்துக்கு, திரும்பிடும். அங்க அதே பேர்ல வேற கார்டு இருந்தா 'டெவ்'னு ஆரம்பிச்சு நம்பர் போட்ட புதுப் பேரோட வந்து நிக்கும். 'வீத்' மாதிரி மெய்நிகர் கேபிள்னா அப்படியே அழிஞ்சுடும், ஹோஸ்ட் பக்கம் இருக்கிற முனையையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்.

ஃப்ரீபிஎஸ்டில இதே மாதிரி ரெண்டு முனை மெய்நிகர் கேபிளுக்குப் பேரு 'ஈபேர்', அது அப்படி இல்ல. ஹோஸ்ட்ல பிறந்ததுன்னா, மெய்நிகரா இருந்தாலும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துடும். லினக்ஸ் பழக்கத்துல இருக்கிறவங்க இங்கதான் ஏமாறுறாங்க. ஜெயிலைத் திறந்து மூடித் திறந்து மூடி, ஹோஸ்ட்ல கேட்பாரில்லாத ஈபேர் குவிஞ்சு கிடக்கும். என்னைக் கேட்டா லினக்ஸ் வழி சோம்பேறிகளுக்கு வசதி, ஃப்ரீபிஎஸ்டி வழி நியாயம். சண்டைக்கு வர்றவங்க கமென்ட்ல வாங்க!

சரி, சாகாத ஜெயில். எல்லாரும் போயாச்சு, ஒரே ஒரு தாத்தா மட்டும் வெத்தலை மென்னுக்கிட்டு நாற்காலியை விட மாட்டேங்கிறார். "தாத்தா, கொஞ்சம் எழுந்திரிங்க"ன்னா, "இருப்பா, போலாம்"ங்கிறார். அவர் எழுந்தாத்தான் மிச்சத்தைப் பிரிக்க முடியும். ஃப்ரீபிஎஸ்டில அந்தத் தாத்தா பெரும்பாலும் இன்னும் முழுசா மூடி முடியாத டிசிபி இணைப்பு. பொறுத்தா எழுந்துடுவார். லினக்ஸ்ல வேற ரகம்: "வெயிட்டிங் ஃபார் எல்ஓ டு பிகம் ஃப்ரீ, யூசேஜ் கவுண்ட் = 1"னு 10 விநாடிக்கு ஒரு தடவை கத்தும். எல்ஓன்னா அந்த லூப்பேக்தான். கர்னல்ல ஏதோ ஒரு பகுதி 'நான் இதைப் பயன்படுத்துறேன்'னு ஏத்தின கணக்கைத் திருப்பி இறக்க மறந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தத் தாத்தா எழுந்திரிக்கவே மாட்டார். ரீபூட்தான்.

செய்ய வேண்டியது ஒண்ணு. 'ஜெயில்.கான்ஃப்' ஃபைல்ல 'எக்செக்.போஸ்ட்ஸ்டாப்' வரியில 'இஃப்கான்ஃபிக் ஈபேர்0ஏ டெஸ்ட்ராய்'னு சேர்த்துடுங்க. ஒரு முனையை அழிச்சா ஜோடியும் போயிடும். லினக்ஸ்காரங்க 'ஐபி நெட்என்எஸ் லிஸ்ட்' அடிச்சுப் பாருங்க. அங்க பேரோட நிக்கிற நேம்ஸ்பேஸ் எதுவும், உள்ள யாருமே இல்லாட்டாலும், நீங்களா 'டெலீட்' அடிக்கிற வரைக்கும், இல்ல ரீபூட் பண்ற வரைக்கும் போகாது. உங்க சர்வர்ல எத்தனை நிக்குதுன்னு கமென்ட்ல போடுங்க, அதிகமா வச்சிருக்கிறவங்க பேரை அடுத்த வீடியோவுல வாசிக்கிறேன்.