செயற்கைக்கோள் இணையம்: எந்தத் தாமதத்தைக் கேள்வி கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். "வரும், வரும் என்கிறார்களே, நிஜமாகவே வருமா சார்?" செயற்கைக்கோள் இணையத்தைப் பற்றிப் பேசப் போகிற ஊர்களிலெல்லாம் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். சந்தேகம் நியாயமானதே. ஆனால் அது சரியான இடத்தில் போய் விழ வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்வெப் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் தொடங்கியது. 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 650 செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டு உலகம் முழுவதற்கும் இணையம் தருவதாகச் சொன்னது. 2020 மார்ச்சில் 74 செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்க, கீழே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. முதலீட்டாளரான சாஃப்ட்பேங்க் மேற்கொண்டு பணம் போட மறுத்துவிட்டது. பிரிட்டிஷ் அரசும் நம் நாட்டு பார்தி குழுமமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு அதை மீட்டன. 2022 மார்ச்சில் மறுபடி அடி. உக்ரைன் போரையொட்டி ரஷ்யா போட்ட நிபந்தனைகளால், கஜகஸ்தானில் ரஷ்யா நடத்தும் பைக்கனூர் ஏவுதளத்தில் ராக்கெட்டில் ஏற்றிவைத்த 36 செயற்கைக்கோள்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. கைகொடுத்தது இஸ்ரோ. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ராக்கெட் தடவைக்கு 36 வீதம் ஏற்றிச் சென்றது.

"பாதி செயற்கைக்கோள்தான் போயிருக்கிறது என்றால் பாதி வேகத்திலாவது தரலாமே" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் வீட்டு டிஷ் பார்க்கிற செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். தாழப் பறப்பது அப்படி நிற்காது. சில நிமிடங்களில் தலைக்கு மேலே கடந்து மறைந்துவிடும். அதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். பாதிதான் போயிருந்தால் வேகம் பாதியாகாது, இடையிடையே இணைப்பே அறுந்துபோகும். ஒன்வெப்பின் பாதைகள் துருவங்களையொட்டிச் செல்வதால், வடக்கே செயற்கைக்கோள்கள் நெருக்கமாக இருக்கும், நிலநடுக்கோட்டுப் பக்கம் இடைவெளி விழும். கனடா, அலாஸ்காவின் வானத்தில் முதலிலும் நம் வானத்தில் கடைசியிலும் இடைவெளி அடைபட்டது அதனால்தான். இந்தத் தாமதத்தில் ஏமாற்று எதுவும் இல்லை.

அதற்குப் பிந்தைய தாமதம் வேறு வகை. இந்தியாவில் ஒன்வெப்புக்கு உரிமம் கிடைத்தது 2021 ஆகஸ்டில். குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் செயற்கைக்கோளைத் தரையிலுள்ள இணையத்தோடு இணைக்கும் தரைநிலையங்களுக்கான அனுமதி 2023 நவம்பரில். அலைக்கற்றையை ஏலம் விடுவதா, நேரடியாக ஒதுக்குவதா என்று பெரிய நிறுவனங்கள் மல்லுக்கட்டின. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் நேரடி ஒதுக்கீடு என்று தீர்த்துவைத்தது. என்ன விலை என்பதற்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை தந்ததோ 2025 மே மாதம். வானத்தில் எல்லாம் தயாராக இருக்க, காகிதத்தில் இத்தனை மாதங்கள்! எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஜவ்வாது மலையில் ஒரு தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். காலை வருகைப்பதிவை எமிஸ் செயலியில் ஏற்ற, பள்ளிக்குப் பின்னாலிருந்த பாறைமேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கோடு சிக்னல் வரும், உடனே போகும். வகுப்பில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவருக்கு யாரும் தேதி சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்வெப் வீட்டுக்கு வீடு இணைப்பு விற்கும் நிறுவனம் அல்ல. செல்போன் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் மொத்தமாகத் தருவது. மலைமேல் ஒரு டவருக்கு அதன் வழியே இணைப்பு வந்தால், அந்த ஆசிரியையின் போனில் சாதாரண சிக்னலாகவே வந்து சேரும். எனவே உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது: எங்கள் மலைக்கு டவர் எப்போது, அதற்கு இணைப்பு எதன் வழியாக?

வீட்டு இணைப்பு தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால், உரிமம் இருக்கிறதா, அலைக்கற்றை ஒதுக்கியாயிற்றா என்று இரண்டையும் கேளுங்கள். 2021-ல் இலான் மஸ்க்கின் செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்க் உரிமம் வாங்காமலே இங்கே முன்பதிவு நடத்தியது. நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களை வெளிப்படையாக எச்சரித்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆனது. வணக்கம்.