ஹோகன் கோப்பைக்குப் பின்னால்: அயர்லாந்துப் பள்ளிகளும் கேலிக் கால்பந்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்தில் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாள். அதை ஒட்டிய நாள்களில் டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் பள்ளி மாணவர்களின் கேலிக் கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கும். பரிசு, ஹோகன் கோப்பை. 1946இல் தொடங்கிய போட்டி இது. கால்வே கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) டூவம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள செயின்ட் ஜார்லத்ஸ் கல்லூரி (பெயரில்தான் கல்லூரி, உண்மையில் உயர்நிலைப் பள்ளி) இந்தக் கோப்பையை 12 முறை வென்றிருக்கிறது. வேறு எந்தப் பள்ளியும் அத்தனை முறை வென்றதில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது வெற்றி கிடைத்தது 2002இல். அதற்குப் பிறகு? வெற்றி இல்லை.

காரணம் தேடினால் பயிற்சியாளர்களைவிட முன்னால் வந்து நிற்பது விடுதிதான். ஜார்லத்ஸ் ஒரு மறைமாவட்டப் பள்ளி. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து தங்கிப் படித்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்தால் மைதானம். 1967இல் இலவச இடைநிலைக் கல்வி வந்ததும் ஊருக்கு ஊர் பள்ளிகள் வளர்ந்தன. விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, ஜார்லத்ஸ் விடுதியும் சேர்த்து. திறமை எங்கும் போய்விடவில்லை. அவரவர் ஊர்ப் பள்ளியிலேயே இருந்துவிட்டது. 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கோப்பையைக் கொண்டுபோனது கெர்ரி கவுண்டியின் மேற்குக் கோடியில், டிங்கிள் ஊரில் இருக்கும் போபல்ஸ்கோல் கோர்கா குவினா என்ற பள்ளி.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அணிக்கு 15 பேர். பந்து உருண்டை; எடை 480 முதல் 500 கிராம். கையாலும் தொடலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓட முடியாது. அதற்குள் தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது காலில் போட்டு மீண்டும் கைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்குப் பெயர் சோலோ. தரையில் தட்டுவதைத் தொடர்ந்து இருமுறை செய்யக்கூடாது. வலைக்குள் போனால் மூன்று புள்ளி, குறுக்குக்கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. 2025இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் இரண்டு. 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம்தான், சுருக்கமாக ஜி.ஏ.ஏ., எல்லாவற்றையும் நடத்துகிறது. மேல்மட்டம்வரை ஆட்டக்காரர் யாருக்கும் சம்பளம் இல்லை.

சம்பளமும் ஒப்பந்தமும் இல்லாத ஆட்டத்தில் ஒரு பள்ளி எப்படி ஆள் சேர்க்கும்? நேரடியாகச் சேர்க்க வழியே இல்லை. அயர்லாந்துக் குடியரசில் 2018இல் வந்த பள்ளிச் சேர்க்கைச் சட்டம், மாணவரின் படிப்புத் திறனையோ வேறு திறமையையோ பார்த்து இடம் கொடுக்கக்கூடாது என்கிறது. சேர்க்கைக்கு முன் நேர்காணலும் கூடாது. பையன் நன்றாகப் பந்து பிடிக்கிறான் என்பதற்காக வரிசையில் முன்னால் நிறுத்தினால் அது சட்டமீறல். எல்லைக்கு வடக்கே, வட அயர்லாந்தில், நிலைமை வேறு. கிராமர் பள்ளிகள் 11 வயதில் தேர்வு வைத்து மதிப்பெண் பார்த்து எடுக்கின்றன. அங்கே ஆட்டத் திறமையை வடிகட்டுவது ஒரு வகையில் கணக்கும் ஆங்கிலமும்தான்.

ஆகவே நடப்பதெல்லாம் மறைமுகம். சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளின் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பை அழைத்து உயர்நிலைப் பள்ளி ஒருநாள் போட்டி வைக்கும். சிறு மைதானங்கள் ஆறோ எட்டோ, பத்துப் பத்து நிமிட ஆட்டங்கள், நடுவர்களாகப் பள்ளியின் பதினாறு வயது மாணவர்கள். பிள்ளைகள் உடைமாற்றும் அறையைப் பார்க்கிறார்கள், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளைப் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார்கள். பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் மாலையில் சீனியர் அணித்தலைவன் வாசலில் நிற்பான். இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளிப்படையாகச் சொன்னால், அண்ணன் படிக்கும் பள்ளியும் பஸ் வரும் பாதையும்தான் பெரும்பாலான குடும்பங்களின் முடிவைத் தீர்மானிக்கின்றன. இன்னொன்றும் உண்டு. எந்தப் பள்ளியில் படித்தாலும் பையன் தன் ஊர் கிளப்புக்குத்தான் ஆடுவான். பள்ளி அவனைக் கிளப்பிடமிருந்து பறிப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் பகிர்ந்துகொள்கிறது.

வந்து சேரும் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. தொடக்கப் பள்ளிகளுக்கென்று குமன் நா முன்ஸ்கோல் என்ற ஆசிரியர் அமைப்பு 1971 முதல் போட்டிகள் நடத்துகிறது. கிளப்புகளில் சிறுவர்களுக்கு கோ கேம்ஸ் முறை: அணிக்கு ஏழு அல்லது ஒன்பது பேர், எல்லாரும் முழு நேரம் ஆட வேண்டும், பந்து சிறியது, புள்ளிப் பட்டியல் வெளியிடக்கூடாது. அதுவரை யாரும் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் மாதத்தில்தான் ‘நீ அணியில் இல்லை’ என்ற வார்த்தையை முதன்முறையாகக் கேட்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் நடப்பதும் அந்த மாதத்தில்தான்.

வழக்கமாக நடப்பது இது. செப்டம்பரில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். அறுபது பேர் வருவார்கள். ஆசிரியர் ஒருவர், இரண்டு அணியாகப் பிரித்து முழு மைதானத்தில் ஆடவிட்டு, ஒரே மாலையில் 24 பேரை எடுத்துவிடுவார். முழு மைதானம் என்றால் குறைந்தது 130 மீட்டர் நீளம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதில் பந்து வருவதே அபூர்வம். வந்த பந்தை எடுப்பது யார்? வளர்ந்துவிட்டவன். முழங்கால் எலும்பு முன்கூட்டியே நீண்டுவிட்ட பையனைத் திறமைசாலி என்று எழுதிக்கொள்கிறோம். பதினாறில் மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டிப் பிடித்ததும் அவனுக்குக் கையிருப்பு ஒன்றும் இருக்காது. அதற்குள் அந்த மற்றவர்கள் ரக்பிக்கோ சாக்கருக்கோ போயிருப்பார்கள்.

பிறந்த மாதத்தின் கணக்கும் இங்கே வேலை செய்கிறது. கிளப் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுகின்றன. பள்ளிப் போட்டிகள் பதினாறரை வயதுக்குட்பட்டோர் என்பதுபோல் அரை வயதில் ஓடுகின்றன; வெட்டுத் தேதி ஜூலை 1. நவம்பரில் பிறந்தவன் கிளப்பில் தன் பிரிவின் கடைக்குட்டி, பள்ளியில் மூத்த பாதியில் வருவான். மே மாதத்தவனுக்கு நேர்மாறு. இரண்டு இடத்திலும் ஒரே பையனைப் பார்க்கிறவர்களுக்கு இது நல்ல அளவுகோல். கிளப்பில் மூத்தவனாக இருந்து பளிச்சென்று தெரிந்தவன் பள்ளியில் இளையவனாக இருந்தும் தாக்குப்பிடிக்கிறானா? அப்படியானால் அது உடம்பு அல்ல, ஆட்டம். தேர்வுத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு பத்தி கூடுதல், அவ்வளவுதான் செலவு.

தேர்வுக்கு ஒரு மாலை போதாது, மூன்று வேண்டும். ஐந்துக்கு ஐந்து ஆட்டம், 30 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணி மாற்றம். எத்தனை கோல் போட்டான் என்று குறிக்க வேண்டாம். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்க்கிறானா? இரு கையாலும் பாஸ் கொடுக்கிறானா? பந்தை இழந்த அடுத்த மூன்று விநாடியில் என்ன செய்கிறான்? இந்த மூன்று போதும். பிறகும் அறுபது பேரை 24 ஆக்காமல் இரண்டு அணியாக, முடிந்தால் மூன்றாக வைத்திருக்க வேண்டும். அக்டோபர் இடைவிடுமுறைக்குப் பின் ஒருமுறை, ஈஸ்டருக்கு முன் ஒருமுறை பி அணியிலிருந்து ஏ அணிக்கு ஆள் மாற வேண்டும். மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பி அணி பெயருக்குத்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள், கிறிஸ்துமஸுக்குள் கலைந்துவிடும்.

கற்றுக்கொடுப்பதில் சோலோவையே எடுத்துக்கொள்வோம். பார்க்க எளிது. வலது கை பந்தின் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில். அதே கையிலிருந்து அதே பக்கத்துக் காலுக்கு நேராக விட வேண்டும், தூக்கிப் போடக்கூடாது. கால் தரையிலிருந்து அதிகம் உயரக்கூடாது. கால்விரல் முழந்தாளை நோக்கி மேலே வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவுதான் பந்துக்குப் பின்சுழற்சி கொடுத்து நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. பந்து முன்னால் ஓடிவிடுகிறது என்றால் விரல் தட்டையாக இருக்கிறது. முகத்துக்கு வருகிறது என்றால் முழங்கால் அதிகம் உயர்கிறது. குறுக்கே போகிறது என்றால் எதிர்க் கையால் விடுகிறான். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: நிற்கவைத்து, பிறகு நடக்கவைத்து, பிறகு மெதுவோட்டத்தில், கடைசியாகப் பக்கத்தில் ஒருவன் தோளை உரசிக்கொண்டு ஓடும்போது. பல பயிற்சியாளர்கள் மூன்றாவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். கூம்புகளுக்கு நடுவே அழகாகச் சோலோ போடுகிறவன் ஆட்டத்தில் பந்தைத் தொலைப்பது ஏன் என்று அப்புறம் வியப்பார்கள்.

பலவீனமான காலுக்குத் தனி வகுப்பு வைத்தால் பையன்கள் சலித்துக்கொள்வார்கள். சிறு ஆட்டத்தில் இடது கால் புள்ளிக்கு இரட்டை மதிப்பு என்று சொல்லிவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு. தானாக நடக்கும்.

புதிய விதிகள் ஒரு பழைய திறமையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. கோல்கீப்பர் உதைக்கும் பந்து இப்போது 40 மீட்டர் வளைவைத் தாண்டியாக வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்குச் சுருக்கமாகத் தட்டிவிட்டுக் கையால் கடத்திக்கொண்டே போகும் பாணிக்கு அடி விழுந்திருக்கிறது. உயரத்தில் பந்து பிடிக்கத் தெரிந்தவன் வேண்டும். விரல்கள் விரிந்து, இரு கட்டைவிரலும் ஏறக்குறைய தொட்டு, ஒற்றைக் காலில் எழும்பி, தலைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். பந்துக்கு அடியில் போய்க் காத்து நிற்பதுதான் பொதுவான பிழை. ஓடிவந்து எழும்புகிறவன் எப்போதும் அவனுக்கு மேலே இருப்பான். பத்தாண்டுகளாகக் கைப்பாஸ் ஒன்றையே உருட்டிக்கொண்டிருந்த பள்ளிகளுக்கு இது சிரமமான காலம். எனக்கு அதில் வருத்தமில்லை.

இனி பதினாறு, பதினேழு வயதுக்கு வருவோம். அல்ஸ்டர் மாகாணத்தில் மக்ரோரி கோப்பை, மன்ஸ்டரில் கோர்ன் ஈ வுரி என்று மாகாணப் போட்டிகள் குளிர்காலத்தில் நடக்கின்றன. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், மைதானம் சேறு. இதே வயதில்தான் கவுண்டியின் 17 வயதுக்குட்பட்ட அணியும் கூப்பிடுகிறது. 2018இல் அந்தப் பிரிவை 18இலிருந்து 17க்கு இறக்கியதன் நோக்கமே சுமையைக் குறைப்பதுதான். ஆனாலும் ஒரு நல்ல ஆட்டக்காரனின் வாரத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். திங்கள் பள்ளிப் பயிற்சி, செவ்வாய் கவுண்டி, புதன் பள்ளி ஆட்டம், வியாழன் ஜிம், வெள்ளி கிளப், சனி கவுண்டி, ஞாயிறு கிளப் ஆட்டம். ஒவ்வொரு பயிற்சியாளரும் ‘நான் வாரத்துக்கு இரண்டு நாள்தானே கேட்கிறேன்’ என்பார். கூட்டிப் பார்க்க ஆளில்லை. பிப்ரவரியில் தொடைப் பின்தசையோ இடுப்பு மடிப்போ போகும். கோப்பை அரையிறுதிக்கு அவன் ஊன்றுகோலோடு வருவான்.

கூட்டிப் பார்க்கும் வேலையைப் பள்ளிதான் செய்ய முடியும், ஏனென்றால் பையனைத் தினமும் பார்ப்பது பள்ளி மட்டுமே. ஞாயிறு இரவு ஒவ்வொருவனும் மூன்று எண்களை அனுப்பட்டும்: அந்த வாரம் எத்தனை மணி நேரம், எத்தனை ஆட்டம், உடம்பு வலி பத்துக்கு எவ்வளவு. ஓர் ஆசிரியர் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். மணி நேரம் வயதைத் தாண்டினால், அதாவது பதினாறு வயதுக்காரன் வாரத்துக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், திங்கள் பயிற்சிக்கு அவன் வர வேண்டாம். பார்வையாளனாகவும் வர வேண்டாம். வந்தால் பந்தைத் தொடாமல் இருக்கமாட்டான். பயிற்சி நாள்களில் ஜி.ஏ.ஏ. 15 என்ற பதினைந்து நிமிடத் தயார்ப்பயிற்சி போதுமானது: ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல், வலுப்பயிற்சி, வேக ஓட்டம். ‘நேரமில்லை’ என்று பாதியை வெட்டுகிறவர்கள் வழக்கமாக வெட்டுவது குதித்து இறங்குவதைத்தான். முழங்காலைக் காப்பது அதுவே. பல்காப்பு 2014 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். அது இல்லாமல் பயிற்சிக்கு இறங்கி அடிபட்டால் காப்பீடு கைவிட்டுவிடும்.

அணியில் இடம் கிடைக்காதவர்களை என்ன செய்வது? நான்காம் ஆண்டை, அதாவது டிரான்சிஷன் இயர் எனப்படும் பொதுத்தேர்வு இல்லாத ஆண்டை, இதற்குப் பயன்படுத்தலாம். ஜி.ஏ.ஏ.யின் எதிர்காலத் தலைவர்கள் பாடத்திட்டம் அந்த ஆண்டுக்கென்றே இருக்கிறது: நடுவர் பணி, பயிற்றுவித்தல், போட்டி நடத்துதல். ஆறாம் வகுப்புச் சிறுவர்கள் பள்ளிக்கு வரும் நாளில் விசில் ஊதுகிறவர்கள் இவர்கள்தான். 2020 முதல் பள்ளி இறுதித்தேர்வில் உடற்கல்வியும் ஒரு பாடம். எழுத்துத் தேர்வுக்கு 50 சதவீதம், செய்முறைக்கு 30, திட்டப்பணிக்கு 20. கேலிக் கால்பந்தை அதில் எடுக்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களும் உண்டு. டிங்கிள் பள்ளிக்கு ஹோகன் கோப்பை வென்று தந்த மார்க் ஓ’கானர் பிறகு ஜீலாங் கிளப்புக்குப் போய் 2022இல் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் சாம்பியன் அணியில் ஆடினார். அங்கே சம்பளம் உண்டு. அங்கிருந்து ஆள் தேடி வருகிறவர்கள் பதினேழு வயதுப் பையனோடு பேசும்போது பெற்றோரும் வழிகாட்டி ஆசிரியரும் அறையில் இருக்க வேண்டும். இறுதித்தேர்வு ஜூனில். அதை எழுதி முடிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதைப் பள்ளி முன்கூட்டியே, செப்டம்பரிலேயே, குடும்பத்திடம் சொல்லிவைப்பது நல்லது. பிப்ரவரியில் சொன்னால் காதில் ஏறாது.

நன்றி. வணக்கம்.