கெட்னா வாங்குறது மட்டும்தானா?

இந்தக் கேள்விய கேட்ட தங்கச்சிக்கு முதல்ல நன்றி, படிச்சதுமே அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. என்ன கேக்குறாங்கன்னா, "சார், இங்கிலீஷ்ல கெட்னா பெறுதல்னு படிச்சோம், அப்போ ஐ காட் டயர்ட்ல நான் எதப் பெற்றேன்?" நல்லா கேட்டீங்கம்மா. காட்ங்கிறது கெட்டோட இறந்தகாலம்தான்.

பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான், வார்த்தைய தனியா பாக்காதீங்க, பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. கெட்டுக்கு அப்புறம் ஒரு பொருள் வந்தா கிடைச்சது: ஐ காட் எ லெட்டர். இடம் வந்தா போய்ச் சேந்தது: ஐ காட் ஹோம் அட் டென். டயர்ட், ஆங்ரி, டார்க் மாதிரி நிலைமைய சொல்ற வார்த்தை வந்தா "ஆயிடுச்சு". இட் இஸ் டார்க்னா இருட்டா இருக்கு, இட் காட் டார்க்னா இருட்டாயிடுச்சு. ஐ ஆம் மேரீட்னா எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கு, ஐ காட் மேரீட்னா அந்தக் கல்யாணம் நடந்தது. இருக்கு, ஆச்சு, இந்த வித்தியாசத்த நாம தமிழ்ல தினமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், இதுக்கு எதுக்குத் தனியா மனப்பாடம்?

என்கிட்ட படிச்ச ஒரு தம்பி கெட் பக்கமே போகமாட்டார், கட்டுரைல எழுதக்கூடாத வார்த்தைன்னு சின்ன வயசுல யாரோ சொல்லிட்டாங்களாம், அதனால ஐ பிகேம் மேரீட்னு எழுதுவார். எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஸ்காண்டிநேவியா பக்கம் அந்தக் காலத்துல பேசின பழைய நார்ஸ் மொழிலேர்ந்து வந்து 800 வருஷமா இங்கிலீஷ்காரங்க வாய்ல புழங்குற வார்த்தை அது, அத ஏன் ஒதுக்கணும்? ஃபர்கெட் கூட அதுக்குச் சொந்தம்தான். கெட், காட்டுக்கு அப்புறம் வர்ற மூணாவது வடிவமா பிரிட்டன்ல இப்ப காட்டன்னு அதிகம் சொல்றதில்ல, அமெரிக்கால சொல்றாங்க, ஆனா ஃபர்காட்டன் ரெண்டு பக்கமும் இருக்கு.

சரி, இதோட சேத்து யாராவது கேக்கமாட்டாங்களான்னு நான் ரொம்ப நாளா காத்திருக்கிறது யூஸ்டு டு. ஐ யூஸ்டு டு டிரைவ் அட் நைட்னா முன்னாடி ராத்திரில ஓட்டுவேன், இப்ப இல்ல. ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்னா எனக்கு அது பழக்கம். ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்னா இப்பதான் பழகிக்கிட்டு வரேன். பாத்தீங்களா, மறுபடியும் அதே இருக்கு, ஆகுது! முதல் வாக்கியத்துல டிரைவ், மத்த ரெண்டுலயும் டிரைவிங், இந்த இங் விட்டுப்போறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, அதனால மூணையும் வாய்விட்டு சொல்லிப் பாருங்க, டிரைவ் எடுத்துட்டு குக், வாக், ஸ்லீப்னு போட்டு சொல்லுங்க.