கோடையில் ஆற்றோரம் சைக்கிள் பயணம்: ஆறு குளிர்விக்காது

(காட்சி: விடியற்காலை. ஆற்றை ஒட்டிய மண் பாதையில் மூட்டை கட்டிய சைக்கிள்.)

ஆற்றை ஒட்டித்தானே போகிறோம், குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பித்தான் என் முதல் கோடைப் பயணத்துக்குக் கிளம்பினேன். மூன்றாம் நாள் மதியம் தலைவலியும் குமட்டலுமாக ஒரு மரத்தடியில் சுருண்டு கிடந்தேன். இத்தனைக்கும் தண்ணீர் குடம் குடமாகக் குடித்திருந்தேன்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? பெடல் மிதிக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும், சொட்டுச் சொட்டாக வழிந்து விழுந்தால் பிரயோஜனமில்லை. தண்ணீரும் நாணலும் மரங்களும் சூழ்ந்த இடத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை லேசில் காயாது. ஓட்டும்போது முகத்தில் அடிக்கிற காற்றில் இது தெரியாது; ஒரு மேடு வந்து வேகம் குறையட்டும், அப்போது தெரியும்.

கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அதோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், முற்றினால் வலிப்பு வரை போகும். ஒரு லிட்டருக்கு மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு, 6 டீஸ்பூன் சர்க்கரை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே கரைசல்தான். ருசியை எதிர்பார்க்காதீர்கள்.

(காட்சி: கடிகாரம், பக்கத்தில் வெப்பநிலைக் கோடு ஏறுகிறது.)

வெயில் உச்சிக்கு வருவது 12 மணிவாக்கில் என்றாலும் காற்று அதிகம் சூடாவது 3 மணிக்கு மேல்தான், ஏனென்றால் தரை அதுவரை வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் விடியுமுன் கிளம்பி 11 மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுவேன். "சாயங்காலம் சேர்த்து ஓட்டிக்கொள்ளலாம்" என்கிற கணக்கு எனக்கு ஒருநாளும் பலித்ததில்லை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், முதல் சில நாள் தூரத்தைக் குறையுங்கள்.

அப்புறம் கூடாரம். தண்ணீர் ஓரத்து மணல் திட்டு படத்துக்கு அழகு, படுக்க வேண்டாம். மேலே எங்கோ மழை பெய்தாலோ அணை திறந்தாலோ, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் ஏறும். பள்ளத்தில் குளிர்ந்த காற்று தேங்குவதால் காலையில் கூடாரம் உள்ளே நனைந்திருக்கும். கரை மேலேயே போடுங்கள்.

ஆற்றுநீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் இருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. குளிக்கவும் இறங்காதீர்கள்.

கூட வருபவர் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தடுமாறும்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஆற்றில் இறக்காதீர்கள், பாட்டில் பாட்டிலாக மொண்டு வந்து ஊற்றுங்கள்.