மருந்து போகும் வழி

அனைவருக்கும் வணக்கம்.

பாராசிட்டமால் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். அது கல்லீரலுக்குள் போனதும் என்ன ஆகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனைடு, சல்பேட் என்ற தீங்கற்ற வடிவங்களாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும், மருந்துகளை மாற்றியமைக்கும் சைட்டோகுரோம் நொதிகளிடம் சிக்கி, நாப்கி என்ற பொருளாகிறது. அது நஞ்சுதான். ஆனால் செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற காவல் பொருள் காத்திருக்கிறது. நாப்கி உண்டான கையோடு அதைப் பிடித்து முடக்கிவிடும். அளவோடு சாப்பிடுகிறவருக்குக் கதை அங்கேயே முடிந்தது.

அளவு மீறினால்? சல்பேட் வழி நிரம்பிவிடுகிறது. நாப்கி பெருகுகிறது, குளுட்டாதயோன் கையிருப்பு கரைகிறது. அப்புறம் நாப்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ள, செல் சாகத் தொடங்குகிறது. இதில் என்னை மிகவும் வருத்துவது, முதல் நாள் அந்த மனிதருக்குக் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம் என்பதுதான். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அசிட்டைல்சிஸ்டைன் என்ற நச்சுமுறி மருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். குளுட்டாதயோன் மறுபடி உருவாகத் தேவையான மூலப்பொருளைக் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. இந்தப் பாதையை 1970களில் படிப்படியாக அறிந்துகொண்டதால் கிடைத்த மருந்து இது.

பட்டினி கிடப்பவருக்குக் குளுட்டாதயோன் குறைந்திருக்கும். நெடுநாள் குடிப்பவருக்கு அதோடு, நாப்கியை உண்டாக்கும் நொதியும் கூடியிருக்கும். எனவே எல்லாருக்கும் ஒரே அளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

சரி, இதயத்துக்கு வருவோம். டெர்ஃபெனடின் ஒவ்வாமைக்கான மாத்திரை. கல்லீரல் அதை ஏறக்குறைய முழுவதும் ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றிய பிறகே ரத்தத்தில் விடும். கூடவே கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோ எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ சாப்பிட்டால், அப்படி மாற்றும் கல்லீரல் நொதி முடங்கிவிடும். மாறாத டெர்ஃபெனடின் நேரே இதயத்துக்குப் போய், பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் வாயிலை அடைத்துவிடும், துடிப்பு தாறுமாறாகும். உயிர்கள் போயின. 1998-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றுபோனது. கல்லீரல் உண்டாக்கித் தந்த அந்த ஃபெக்ஸோஃபெனடினே இப்போது தனி மாத்திரையாகக் கிடைக்கிறது. ஒரு புது மருந்து மனிதரிடம் வருவதற்கு முன்பே, அது ஹெர்க் வாயிலை அடைக்கிறதா என்று இன்று ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள்.