விறகு வியாபாரம் கட்டுப்படியாகுமா? சீமைக்கருவேலக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. "அண்ணே, கிலோ எட்டு ரூபாய்க்குக் கொடுத்தால் விறகில் லாபம் நிற்குமா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நிற்காது. ஏன் என்று இன்றைக்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறில் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நம்ம ராமநாதபுரம் பக்கம் விறகு என்றால் சீமைக்கருவேலம்தான். பெரும்பாலும் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள், இல்லையென்றால் லாரியில் ஏற்றிச் சூளைக்கு அனுப்புகிறார்கள். அங்கே டன் கணக்கில் பேரம் நடக்கும், அதில் நம்மை மாதிரி ஆட்கள் போட்டி போட முடியாது. நமக்கான வாடிக்கையாளர் வேறு. பிரியாணி மாஸ்டர், விறகு அடுப்பில் பீட்சா போடுகிற கடைக்காரர், வீட்டு மாடியில் கிரில் போடுகிறவர். இவர்களுக்கு வேண்டியது காய்ந்த, ஒரே அளவான கட்டை. அதற்குத் தனி விலை கொடுப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பச்சை விறகு ஒரு டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளந்து அடுக்க கூலி 1,500, வண்டி வாடகை 800. மொத்தம் 6,300. இதை 1,000 கிலோவால் வகுத்தால் கிலோ ஆறு ரூபாய் முப்பது காசு. அப்போது எட்டு ரூபாய் லாபம் மாதிரித்தான் தெரியும்.

ஆனால் அந்த டன்னில் 400 கிலோ தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். மரம் 600 கிலோதான். ஈரம் 15 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்தால் எடைமேடையில் சுமார் 706 கிலோ நிற்கும். உளுத்தது, தூள், வளைந்து கோணிய கட்டை என்று 50 கிலோ கழியும். மிச்சம் 656. இப்போது 6,300-ஐ வகுத்துப் பாருங்கள், அடக்கமே கிலோ ஒன்பது ரூபாய் அறுபது காசு. எட்டுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று அறுபது கையைவிட்டுப் போகிறது. பன்னிரண்டுக்குக் கீழே நான் இறங்கவே மாட்டேன்.

"பக்கத்து விறகு யார்டில் ஏழு ரூபாய்தானே" என்று கேட்பார்கள். அங்கே விறகோடு தண்ணீரும் தராசில் ஏறுகிறது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். காய்ந்த கட்டையை எடுத்துக் காட்டுங்கள், வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். இரண்டைத் தட்டினால் 'டங்'கென்று கணீரென்ற சத்தம் வரும். பச்சைக்கட்டை மொத்தென்று கேட்கும். ஈரமானி, அதாவது கட்டையில் குத்தி ஈரம் பார்க்கிற கருவி வைத்திருந்தால் வெளிப்பக்கத்தில் குத்தாதீர்கள். அப்போதே பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதுதான் அடுப்பில் புகையும்.

பிரியாணி மாஸ்டர் தீயைவிடக் கங்கைத்தான் பார்ப்பார். தம் போட மூடிமேல் அள்ளி வைக்கிற கங்கு சீக்கிரம் சாம்பலாகிவிடக் கூடாது. அவருக்குத் தடித்த கட்டை. பீட்சாக்காரருக்கு நீளமான ஜுவாலை வேண்டும், மெல்லிசாகப் பிளந்து கொடுக்க வேண்டும். பிளக்கிற கூலி கூடுகிறது, அதனால் கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏற்றிச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

அப்புறம் புகை போடுகிற கட்டை, அதாவது இறைச்சிக்குப் புகை மணம் ஏற்ற எரிக்கிற துண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் மெஸ்கீட் என்ற மரத்தில் இறைச்சி சுடுவார்கள். அதுவும் நம்ம சீமைக்கருவேலமும் நெருங்கிய சொந்தம். நம் ஊரில் எல்லாரும் திட்டுகிற மரத்துக்கு இப்படி ஒரு மதிப்பு இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். புகை காரமானது, அதனால் மீன், கோழி என்று சீக்கிரம் வேகிற ஐட்டத்துக்குத்தான் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். மணிக்கணக்கில் போட்டால் கசக்கும். கைப்பிடி அளவுத் துண்டாக வெட்டி, வெங்காயச் சாக்குத் துணியில் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். விறகு விலைக்கு இதைக் கொடுக்காதீர்கள். வெட்டுக்கூலி, சலிப்பது, பை எல்லாம் சேர்த்தால் கிலோவுக்கு விறகைப்போல நாலைந்து மடங்கு விலை வைத்தாலும் நியாயம்தான். கூரியர் செலவைத் தனியாக வாங்குங்கள்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, அரளி, எருக்கு எதுவும் இந்த மூட்டையில் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. சாப்பாட்டில் ஏறுகிற புகை இது.

மரம் எங்கே வாங்குகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். கண்மாய்க்குள் நிற்கிற சீமைக்கருவேலம் அரசுடையது, ஏலம் எடுத்தவர்தான் வெட்ட முடியும். பாக்கெட் போட்டு விற்றால் எடை, விலை, முகவரி அச்சிட வேண்டும். தராசில் தொழிலாளர் துறை முத்திரையும் இருக்க வேண்டும்.

வெட்டிக் காயவைக்க பங்குனி, சித்திரைதான் சரியான நேரம். கல் போட்டு மேலே அடுக்கி, மேல்பக்கம் மட்டும் ஷீட் போட்டு, பக்கவாட்டில் காற்று போக விடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் காய்ந்த விறகைத் தேடி அவர்களே போன் பண்ணுவார்கள். அப்போது விலையை இரண்டு ரூபாய் ஏற்றலாம், ஆனால் வருடம் முழுக்க வாங்குகிற மாஸ்டருக்குப் பழைய விலையே போடுங்கள்.

கொய்யாக் கட்டையும் புகைக்கு நன்றாக இருக்கும், கவாத்து பண்ணும்போது தோப்புகளில் கிளை கிடைக்கும். அதற்கு இன்னும் விலை வைக்கவில்லை. உங்கள் பக்கம் கொய்யா விறகு என்ன விலைக்குப் போகிறது, கீழே எழுதுங்கள்.