மகாராணியின் படமும் நம் முன்னோரின் படமும்

அவையோருக்கு வணக்கம். நம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் அரசு மாளிகை முன்றிலில் நிற்கும் விக்டோரியா மகாராணியின் சிலையைப் பார்க்காதவர் இம்மண்டபத்தில் இருக்க மாட்டீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது அச்சிலையை அன்று. அவரது ஆட்சியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக 1897இல் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட ஒளிப்படத்தை.

அதை எடுத்தது லண்டன் ஈபரி தெருவில் இயங்கிய டவுனி கலைக்கூடம். வில்லியம், டேனியல் என்னும் சகோதரர்கள் தொடங்கியது அது. டேனியல் 1881இலேயே மறைந்துவிட்டார். உண்மையில் படம் விழாவுக்கு நான்கு ஆண்டுகள் பழையது. 1893 ஜூலையில் பேரன் ஜார்ஜின் திருமணத்தையொட்டி எடுத்தது. அப்போது மகாராணிக்கு வயது 74. தலையில் சின்னஞ்சிறு வைர முடி. அதன் பின்னிருந்து இறங்குவது 1840இல் தம் திருமணத்தில் அணிந்த பின்னல் முக்காடு. கணவரை இழந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கறுப்பே உடுத்தியவர் அந்த முக்காட்டை மீண்டும் எடுத்து அணிந்ததைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். பார்வை நம்மீது படுவதில்லை. முகச் சுருக்கங்களைக் கண்ணாடி நெகட்டிவிலேயே பென்சிலால் மறைப்பது அக்காலக் கலைக்கூடங்களின் வழக்கம் என்பதையும் மறக்கலாகாது.

இப்படத்துக்குக் காப்புரிமை கோராமல் விட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிட முடிந்தது. தட்டிலும் பிஸ்கட் டப்பாவிலும்கூட மகாராணி வீற்றிருந்தார்.

அதே மகாராணியின் பெயரால் ஆளப்பட்ட இத்தீவில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் இங்கேயே தங்கிய பழைய குடியேறிகள் ஒவ்வொருவரும் தம் ஒளிப்படம் ஒட்டிய சீட்டை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சீட்டில்லாமல் காவலரிடம் அகப்பட்டவர் நாடோடி என்று சிறைக்குப் போனார். இக்கொடுமைகளை எதிர்த்து, தோட்ட மேலாளர் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் முன்னின்று தயாரித்த 1871ஆம் ஆண்டு மனுவில் 9,401 பேர் ஒப்பமிட்டார்கள். மறு ஆண்டே விசாரணைக்கு அரச ஆணையம் வந்திறங்கியது.

அந்தக் குடியேறிகளின் படங்கள் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே மணிமுடியும் இல்லை, சுருக்கம் மறைக்கும் பென்சிலும் இல்லை. ஆளை அடையாளம் காணப் பதிவேட்டுக்கு வேண்டியிருந்தது முகம் மட்டுமே. கலையழகில் டவுனியின் படத்துக்கு அவை ஈடாகா என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வரும் நவம்பர் 2ஆம் நாள், ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நினைவு நாளில் நம் சங்கம் வைக்கும் கண்காட்சியில், இவ்விரு வகைப் படங்களையும் ஒரே அளவில், ஒரே சுவரில் மாட்டும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.